பட்டறை பதில்கள்: பட்டிக்குள் போன தண்ணீர்

கரூரில் பஸ் பாடி கட்டும் கூடத்தில் உப்புத்தாள் தேய்க்கும் பையனாகத் தொடங்கி, இப்போது கோவை சிங்காநல்லூர் பக்கம் சொந்தமாகக் கார் பெயின்டிங் பட்டறை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1986 அம்பாசிடர் ஒன்பது வருடமாக ஷெட்டில் நின்றது. என்ஜின் வேலை முடிந்துவிட்டது, இனி பாடி வேலை. ஒரு பெயின்டர் டுகோ போதும் என்கிறார், இன்னொருவர் பி.யு.தான் என்கிறார். பழைய க்ரீம் நிறமா, இரண்டு நிறமா என்று வீட்டில் சண்டை. ஓடும்போது உள்ளே பேசினால் கேட்காது, அதற்கு என்ன ஒட்டலாம்? கடைசியில் செராமிக் கோட்டிங்கா, பி.பி.எஃப்.பா? மொத்தமாகச் சொல்லிவிடுங்கள் அண்ணா.
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மணி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன்: தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? ஓட்டுநர் கால் வைக்கும் தகடு, நாலு கதவுகளின் கீழ்விளிம்பு, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பகுதி, டிக்கித் தரை. இந்த இடங்களில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ணங்கென்று நின்றால் பிழைத்தீர்கள். பொசுக்கென்று உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை. 'மேலே பட்டி போட்டு மூடிடலாங்க' என்று சொல்லும் டிங்கரிடமிருந்து, அதாவது தகடு தட்டுகிறவரிடமிருந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி டுகோ. நம் ஊரில் காருக்கு அடிக்கிற எதற்கும் டுகோ என்றே பெயர் ஆகிவிட்டது. அது 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் வியாபாரப் பெயர். பட்டறையில் என்.சி. என்போம். தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் கதை. அதனால் பத்து வருடம் கழித்தும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் நிறம் துணியில் வந்துவிடும். பி.யு. என்பது பாலியூரித்தேன், இரண்டு டப்பா சமாச்சாரம். பெயின்டும் ஹார்ட்னரும் கலந்த பிறகு ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகும். நன்றாக இறுகிய பிறகு தின்னருக்கு அது மசியாது.

டிக்கி மூடியின் உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் உங்கள் வண்டியில் இருப்பது என்.சி. அதன் மேல் நேராகப் பி.யு. அடித்தால், புதுப் பெயின்டின் தின்னர் பழைய பூச்சை ஊறவைத்துப் பாலாடை போலச் சுருக்கிவிடும். தகடு வரை சுரண்டிவிட்டுத் தொடங்குவதுதான் நிம்மதி. என்.சி.க்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டுச் சேர்த்துவிடலாம். ஆனால் இரண்டு மூன்று வெயில் பார்த்ததும் வெளுக்கும், மறுபடி காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் பூச்சு மெலியும். உங்களுக்குப் பி.யு. போதும், அதிலும் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. கிளியர் மெட்டாலிக்குக்குத் தேவை. அம்பாசிடருக்கு மெட்டாலிக் அடிப்பது தாத்தாவுக்கு ஜிகினாச் சட்டை போடுவது மாதிரி.

சுரண்டிய அன்றே எபாக்ஸி பிரைமர் ஏறிவிட வேண்டும். வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டுவைத்தால், காலையில் நம் கைரேகை அப்படியே துருவாக எழும்பி நிற்கும். கை வியர்வையின் உப்பு போதும் அதற்கு.

பட்டி விஷயத்தில் என் பாவக் கணக்கு ஒன்று உண்டு. 1994 ஐப்பசி. ஒரு பிரீமியர் பத்மினி. தீபாவளிக்கு முன்னால் கொடுக்க வேண்டிய அவசரத்தில், பட்டி போட்ட பானட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பாலியஸ்டர் பட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மேலே காய்ந்ததாகத்தான் தெரிந்தது. பிரைமர், பெயின்ட் எல்லாம் ஏற்றி, மினுமினு என்று கொடுத்தனுப்பினேன். பங்குனி வெயிலில் வண்டி திரும்பி வந்தது. பானட் முழுக்க வேர்க்குரு. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் பெயின்டை முட்டித் தூக்கியிருந்தது. காசு வாங்காமல் முழு பானட்டையும் செய்து கொடுத்தேன், அந்த மாதப் பட்டறை வாடகை அதிலேயே போனது. அன்றிலிருந்து பட்டிக்கு உலர் தேய்ப்புதான்: 80, 180, 320 நம்பர் தாள். தண்ணீர் வாளி, பட்டிக்கு மேல் அடிக்கும் சர்ஃபேஸர் பூச்சு ஏறிய பிறகே உள்ளே வரும். பட்டியின் தடிமனும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் டிங்கர் தகட்டை இன்னும் சரியாகத் தட்டவில்லை என்று அர்த்தம்.

எப்போது அடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஆடியில் அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு கையில் தூசியும் மறு கையில் சாரலும் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். ஈரக் காற்றில் என்.சி. அடித்தால் பூச்சு பால் ஊற்றியது போல வெளுக்கும்: தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது. பி.யு.விலோ ஹார்ட்னர் பெயின்டோடு சேர்வதை விட்டுவிட்டு ஈரத்தோடு சேர்ந்து குமிழ் விடும். பெயின்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை, அதாவது நல்ல பூத் உள்ள இடம் என்றால் கவலை இல்லை, 60 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு எடுத்துவிடுவார்கள். தகர ஷெட் பட்டறை என்றால் மாசி, பங்குனி வரை பொறுங்கள். ஒன்பது வருடம் நின்ற வண்டி, இன்னும் மூன்று மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

நிறத்துக்கு என் ஓட்டு: கூரை வெள்ளை, கீழே உங்களுக்குப் பிடித்தது. கூரையைச் சுற்றி ஓடும் மழைத்தண்ணீர்க் காலோடு நிறம் பிரிந்தால் கண்ணுக்கு உறுத்தாது. உங்கள் வண்டிக்கு ஏசி இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் கூரை வெளிர் நிறமாக இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரே மாதிரியான கறுப்பு, வெள்ளிநிறக் கார்கள் இரண்டை வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கூரையில் 25 டிகிரி வரை வித்தியாசம், உள்ளே ஐந்து ஆறு டிகிரி. கீழ்ப்பாதிக்குச் சிவப்போ மஞ்சளோ கேட்டீர்கள் என்றால் பெயின்டர் முகம் சுளிப்பார். இரண்டும் அடியிலிருப்பதைச் சீக்கிரம் மூடாத நிறங்கள், அடிநிறம் சரியாகப் போடாவிட்டால் கோட் மேல் கோட்டாகக் குடிக்கும். யோசனை வேண்டுமானால் அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், பழைய கார்களின் இரட்டை நிறங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அப்புறம் சத்தம். மக்கள் காசை அதிகமாகக் கொட்டிவிட்டு ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

முதல் வேலைக்கு டார்ச் லைட் போதும். இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து, என்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் மேல் வெளிச்சம் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். வயர் போகும் ஓட்டை, பெடல் ஓட்டை, எப்போதோ யாரோ ஹாரனுக்காகப் போட்ட ஓட்டை எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். வெளிச்சம் வரும் வழியில் சத்தமும் வரும், புகையும் வரும். அவற்றுக்கு ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையமான கிராமெட் போடுங்கள், நாலு கதவுக்கும் விளிம்பைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பரை மாற்றுங்கள். நாற்பது வயது ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். ஷீட் வாங்கும் முன்னரே பாதி நிம்மதி வந்துவிடும்.

அடுத்தது தகட்டின் துடிப்பு. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் தொப்பிப் பக்கம் ரவையைப் பிசைந்து ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு சின்ன அப்பளம் அளவுதான், மொத்தத் தோலின் நாதமும் மாறிவிடும். கதவுத் தகடும் அப்படித்தான். விரல் கணுவால் தட்டினால் நடுவில்தான் 'டங்ங்' என்று நீளும். அந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் தடிமனில், அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, ரோலரால் உயிர் போக அழுத்துங்கள். 'டொக்' என்று அடங்கும். தகட்டில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மூடினால் போதும். ஓர் அங்குலம் விடாமல் ஒட்டச் சொல்கிறவர் ஷீட் விற்கிறவராக இருப்பார். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கிலோ வரும், கார் முழுக்க ஒட்டினால் பின் சீட்டில் ஒரு சிறுவனை எப்போதும் ஏற்றிக்கொண்டு போகிற கணக்கு.

பியூட்டைல் துடிப்பை மட்டுமே அடக்கும். காற்று வழியாக வரும் சத்தத்துக்கும் தரைச் சூட்டுக்கும் அதன் மேல், தண்ணீர் குடிக்காதபடி உள்ளே நுண்ணறைகள் மூடியிருக்கும் ஃபோம் ஷீட், அதற்கும் மேல் கார்ப்பெட். சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம், பழைய பாணியில் பருத்தி ஃபெல்ட்டும் வேண்டாம். இரண்டும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழையில் நனைந்த செருப்போடு நாலு பேர் ஏறினால் போதும், தகடு அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். ஃபெல்ட் என்றால் எலிக்குப் பிரசவ வார்டும் கிடைத்த மாதிரி. காசை மிச்சம் பிடிக்க மொட்டை மாடி விரிசலுக்கு ஒட்டும் தார் டேப்பைக் கதவுக்குள் ஒட்டிக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார். சித்திரை வெயிலில் அது உருகி வழிந்து, கண்ணாடி ஏறி இறங்கும் பல்சக்கரத்தையே பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை.

கதவுக்குள் ஒட்டும்போது கீழ்விளிம்பிலுள்ள சின்ன ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மூடினால் கதவைத் திறக்கும்போது குடம் மாதிரி சலசலக்கும். அம்பாசிடர் கதவு கீழே அழுகிப்போவதற்குப் பாதி காரணம் அந்த ஓட்டையில் அடைத்த மண்தான்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகு பிரைமர், பெயின்ட். அது முடிந்த பிறகு ஷீட்டும் ஃபோமும். துருப் பிடிக்காமலிருக்கச் சில்லுக்குள் ஊற்றும் மெழுகு எல்லாவற்றுக்கும் கடைசி. பெயின்டுக்கு முன்னால் மெழுகோ சிலிக்கோன் பாலிஷோ ஒரு துளி பட்டால் அங்கே பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

செராமிக்கா, பி.பி.எஃப்.பா? உங்கள் பெயின்ட் பூச்சு தோராயமாக 50 மைக்ரான் இருக்கும். பி.பி.எஃப். என்பது அதன் மேல் ஒட்டும் 150 முதல் 200 மைக்ரான் பாலியூரித்தேன் தோல், கல் தெறித்தால் தான் வாங்கிக்கொள்ளும். செராமிக் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே. தண்ணீர் உருண்டோடும், அழுக்கு லேசாகப் போகும், கல்லைத் தடுக்காது. பெட்டியில் 9எச் என்று போட்டிருப்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு, வைரத்தோடு சம்பந்தப்படுத்திப் பேசினால் சிரித்துவிட்டு வாருங்கள். பெயின்ட் அடித்து ஒரு மாதமாவது போகட்டும், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். பிறகு பானட் முகப்புக்கும் பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள வளைவுக்கும் மட்டும் பி.பி.எஃப். ஒட்டினால் போதும். மீதிக்கு நல்ல மெழுகு. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற வண்டிக்கு அதற்கு மேல் செலவு செய்ய என் மனசு ஒப்பவில்லை.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டு மூன்றே மாதம். கார் முழுக்க வெள்ளை வட்டங்கள். கோட்டிங் போலியா?
— வாசகர், கணபதி, கோவை

பதில்: போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுகிறீர்கள், சரியா? தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து ரசித்திருப்பீர்கள். அந்த முத்து காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு முழுதும் ஒரே புள்ளியில் படியும். கோட்டிங் நல்ல கோட்டிங்காகவே இருக்கலாம். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியால் ஒற்றி எடுங்கள், உடனே அலசிவிடுங்கள். இனிமேல் கழுவிய கையோடு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் கழுவினால் கறையே விழாது என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் எனக்குச் சோறு விழாது.

கேள்வி: பழைய ஜீப்பைப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். ராணுவப் பச்சை அடிக்க ஆசை. எந்த ஷேடு சரி?
— வாசகர், உடுமலை

பதில்: எந்த ஷேடும் சரியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121 படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். மணல் நிறம், செங்கல் நிறம், சாம்பல் என்று ஜீப்புக்கு அழகான நிறங்கள் நிறைய உண்டு. எதை அடித்தாலும் ஆர்.சி.யில் எழுதிய நிறம் மாறுகிறது என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். விபத்து நடந்த பிறகு இதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: கறுப்புக் கார். தினமும் காலையில் மயில் வந்து கதவைக் கொத்துகிறது. மயில் கொத்தினாலும் தாங்கும் கோட்டிங் இருக்கிறதா?
— வாசகர், தொண்டாமுத்தூர்

பதில்: உங்களைப் போல இந்த வருடம் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புக் கதவில் மயிலுக்குத் தெரிவது இன்னொரு மயில், அதுவும் தன் இடத்தில். பாலிஷ் போடப் போட அந்த எதிரி இன்னும் தெளிவாகத் தெரிவான். செராமிக் இதைத் தாங்காது. பி.பி.எஃப். ஓரளவு தாங்கும், மேலோட்டமான கீறல் என்றால் வெயில் சூட்டில் தானே மறையும், ஆழமாக விழுந்தது மறையாது. பளபளப்பில்லாத மேட் பி.பி.எஃப். ஒட்டினால் பிம்பமே மங்கிவிடும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு பழைய போர்வையைக் கதவின் மேல் தொங்கவிட்டுப் பாருங்கள். கல் எறிவது, வலை வைப்பது எதுவும் வேண்டாம். தேசியப் பறவை, சட்டம் அதன் பக்கம்.

கேள்வி: வீடு கடலோரம். காரின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட் அடித்துவிட்டேன். இனி துருவுக்குப் பயமில்லை அல்லவா?
— வாசகர், நீலாங்கரை, சென்னை

பதில்: அடிப்பதற்கு முன்னால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் போட்டார்களா? கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பொட்டலம் கட்டியிருக்கிறார்கள். தார் மாதிரியான பூச்சு நாளாக ஆக இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் நுழையும், வெளியே வராது. மேலே கறுப்பாக ஜோராக இருக்கும், அடியில் தகடு அப்பளமாகிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகவோ பொரபொரவென்றோ கேட்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட வேண்டும். சில்லுக்குள்ளும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் திரவ மெழுகு அடிப்பது இதைவிடப் பயன் தரும், அது வெடிக்காது, தானே பரவி மூடிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை புதுப்பித்தால் போதும். சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ், தண்ணீர் வடியும் ஓட்டை மேல் அண்டர்கோட் பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சைலன்சர் மேல் பட்டிருந்தால் இந்நேரம் புகை நாற்றமே சொல்லியிருக்கும்.

கேள்வி: பெயின்டிங் பட்டறையில் உதவியாளராக இருக்கிறேன், வயது 19. பி.யு. அடிக்கும்போது ஈரக் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார் முதலாளி. போதுமா அண்ணா? என் பெயர் போட வேண்டாம்.
— கரூர்

பதில்: போதாது தம்பி. நானும் அதே ஊரில், அதே மாதிரி ஈரத் துணி கட்டிக்கொண்டுதான் தொடங்கினேன். அன்று அடித்தது பெரும்பாலும் என்.சி. தலைவலி, கண் எரிச்சல், பசி எடுக்காது. பி.யு. வேறு. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரல் அதற்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி வாடை பட்டாலும் மூச்சு இழுக்கும். அப்புறம் இந்தத் தொழிலே செய்ய முடியாது. கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க் துணியைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஐசோசயனேட் கெடுதல் செய்யும் அளவில்கூட மூக்குக்குத் தெரியாது. வடிகட்டி தீர்ந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சரியானது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து தரும் மாஸ்க். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடியும் வேண்டும். தோலில் பட்டாலும் அந்த ஒவ்வாமை வரலாம். ஸ்ப்ரே கன் கழுவும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். நிறையப் பேர் அடித்து முடித்ததும் கழற்றிவிட்டுக் கழுவப் போவார்கள். அடித்த பிறகு அறைக்குள் எட்டிப் பார்ப்பதும் அடிப்பதும் ஒன்றுதான்.

உங்கள் முதலாளி ஒரு நல்ல ஸ்ப்ரே கன்னுக்கு யோசிக்காமல் காசு கொடுப்பார், எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பெயின்ட் கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். பெயர் போடவில்லை, கரூரில் பட்டறைக்கா பஞ்சம், எந்தப் பையன் எழுதினான் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.